முள்ளங்கி மருந்து

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், மழைக்காலம் பிடித்துவிட்டது என்பதை அப்பாவின் சட்டைக் காலரைப் பார்த்துத்தான் சொல்வோம். வெயில் மாதங்களில் அது சாதாரண அழுக்கு நிறத்தில் இருக்கும். மழையும் பனியும் மூடிக்கொண்டதும் நீலப்பச்சையாக மாறும். அம்மா கல்லில் எத்தனை அடி அடித்துத் துவைத்தாலும் போகாது. பிறகு அதே நிறம் அவருடைய நகக்கண்ணில் வந்து உட்காரும், காதுமடலின் பின்பக்கம் வரும், தலையணை உறைக்கும் வரும். அவர் சளியைத் துப்பினால் அதிலும் அந்த நிறம் இருக்கிறதா என்று நான் எட்டிப் பார்ப்பேன். காலால் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்.

அப்பா தேயிலைக்கு மருந்தடிக்கிறவர். எங்கள் தோட்டம் இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கம். எங்கள் தோட்டம் என்று சொன்னால் நாங்கள் வேலை செய்கிற தோட்டம் என்று அர்த்தம். ஈரமான மாதங்களில் அங்கே கொழுந்தில் கொப்புளம் விழும். முதலில் எண்ணெய் பட்ட காகிதம்போல ஒரு புள்ளி. பிறகு இலையின் மேல்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் வெள்ளையாகப் புடைத்து, தொட்டால் மாவு ஒட்டும். அது ஒரு பூஞ்சணம். பாடப்புத்தகத்தில் பங்கசு என்று படித்தோம். முற்றிய இலையை அது தொடாது. அதற்குத் தளிர்தான் வேண்டும். எங்கள் அம்மாமார் கூடைக்குக் கிள்ளுகிற அதே கொழுந்தைத்தான் அதுவும் தேடி வருகிறது.

அதைத் தடுக்கச் செப்பு மருந்தைத் தண்ணீரில் கலக்கி, டாங்கியில் ஊற்றி, முதுகில் மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக அடித்துப் போவார்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்க வழியில்லை. தேயிலை வரிசை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் ஆளும் போக வேண்டும். நாலு வரிசைக்கு ஒரு முறை மருந்து முகத்துக்கே திரும்பி வரும்.

நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த வருடம் தோட்டத்து டிஸ்பென்சரிக்காரர் அப்பாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "மருந்தடிக்கிற வேலைய விட்ருங்க" என்றார்.

"விட்டுட்டு?" என்றார் அப்பா.

"வேற வேல கேளுங்க."

"வேற என்னா வேல சார் இருக்கு ஆம்பளைக்கு? கான் வெட்டித் தண்ணிக்கு வழி பண்ணணும், இல்லாட்டி முள்ளுக் குத்தி மண்ணப் பொரட்டணும். ரெண்டு வெட்டு வெட்டுனா மூச்சு நின்னுரும். டாங்கியத் தூக்கிக்கிட்டாச்சும் மெதுவா நடக்கலாம்."

டிஸ்பென்சரிக்காரர் அலமாரியைத் திறந்தார். வெள்ளை மாத்திரை கொஞ்சம் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அன்று மருந்து வாங்கத் துணைக்குப் போயிருந்தவள் நான். திரும்பி ஏறி வருகிற வழியில் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. அந்த டாங்கி அப்பாவின் முதுகிலிருந்து இறங்கப்போவதில்லை. அதற்குள் இருக்கிறதையாவது மாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி.

எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அதில் எனக்குப் பெருமை உண்டு, அதை நான் மறைத்ததும் இல்லை. கொட்டகலைப் பாடசாலைக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்து, உயிரியலில் நல்ல பெறுபேறு எடுத்து, பல்கலைக்கழகத்துக்குப் போன அன்று எங்கள் லயத்தில் யாரும் வேலைக்குப் பிந்திப் போகவில்லை. ஆனால் எல்லாரும் பஸ் நிற்கிற வளைவு வரைக்கும் வந்துவிட்டுத்தான் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனார்கள்.

அது தொண்ணூறுகளின் கடைசி. இறுதி வருடத்தில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். எங்கள் விரிவுரையாளர் ஒரு சிங்களப் பெண்மணி. குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். அவர் சொன்ன தலைப்புகளில் ஒன்று முள்ளங்கி விதையைப் பற்றியது. விதை மண்ணுக்குள் ஈரத்தில் கிடக்கிறது. சுற்றிலும் அதைத் தின்னப் பூஞ்சணங்கள் காத்திருக்கின்றன. முளை வெளியே வருவதற்காகத் தோல் வெடிக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். அந்த நேரத்தில் விதை ஒரு சின்னஞ்சிறிய புரதத்தைத் தன்னைச் சுற்றி மண்ணில் கசியவிடுகிறது. பெப்டைட் என்று சொல்வார்கள். அது பூஞ்சணத்தின் இழையைத் தொட்டால் இழை வளராமல் நின்றுவிடும். மனிதனை அது ஒன்றும் செய்யாது. அப்படிச் செய்யுமானால் முள்ளங்கிக் கறி தின்ற எல்லாரும் படுத்திருக்க வேண்டும்.

மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் கையைத் தூக்கிவிட்டேன்.

அந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னேன். பக்கத்துக் காம்பராவில், சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில், இருக்கிற அத்தையும் அங்கே இருந்தாள். அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறவள். அவள் வாய்க்கு எங்கள் தோட்டத்துக் கங்காணியே ஒதுங்கிப் போவார்.

"முள்ளங்கியிலயா மருந்து?" என்றார் அப்பா.

"முள்ளங்கி வெதையிலப்பா."

"அதத் தின்னா ஏப்பந்தான் வரும். பூச்சணம் ஓடிருமா?"

அத்தை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அண்ணே, ஒங்க மக ஏப்பத்துக்கே பட்டம் வாங்கிருவா போல" என்றாள்.

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளில் விளையாட்டு இல்லை.

"அடிச்சா கண்ணு எரியுமா?"

"எரியாது."

"நெஞ்சுக்குள்ள போனா?"

"நாம திங்கிற பொருள்தாம்பா. ஒன்னும் செய்யாது."

"துணியில கறை புடிக்குமா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"புடிக்காதும்மா. தண்ணி மாதிரி இருக்கும்."

அப்பா தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அதத்தான் அடிக்கணும்" என்றார்.

மறுநாள் பெரட்டுக்களத்தில், காலையில் எல்லாரும் வேலைக்குப் பிரிக்கப்படுகிற இடத்தில், என் மகள் மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் அந்த மருந்துக்கு முள்ளங்கி என்றே பெயராகிவிட்டது. "முள்ளங்கி வந்தாச்சா?" என்று கங்காணி கேட்பாராம். "வந்துக்கிட்டு இருக்கு, நுவரெலியா தாண்டிருச்சு" என்று அப்பா பதில் சொல்வாராம். ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் வரும்போது அந்த மருந்து எங்கே வந்துவிட்டது என்று புதிதாக ஓர் ஊரின் பெயர் சொல்லுவார்கள். நானுஓயாவில் ரயில் ஏறியாச்சு, தலவாக்கலையில் தேத்தண்ணி குடிக்கிறது, இப்படி.

ஆய்வுக்கூடத்தில் நடந்தது வேறு. நுவரெலியாவில் விதைக்கடையில் முள்ளங்கி விதையைப் பை பையாக வாங்கிக்கொண்டு போனேன். அதை இடித்து, எண்ணெய் நீக்கி, உப்புக் கரைசலில் ஊறவைத்து, வடித்து, சூடாக்கி, சுழற்றி, கண்ணாடிக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கி, அந்தச் சொட்டுகளில் எதில் நமக்கு வேண்டியது இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். பல தடவை எதிலும் இருக்கவில்லை. மின்சாரம் போய் ஒரு வாரத்து வேலை கெட்டதும் உண்டு. ஒரு பை விதையில் தொடங்கினால் கடைசியில் கிடைப்பது விரல் நீளக் குப்பியின் அடியில் கொஞ்சம்.

ஆனால் அது வேலை செய்தது. வேறொரு பூஞ்சணத்தை, பயிர்களை வாட்டிக் கொல்கிற வகையை, வட்டக் கண்ணாடித் தட்டில் வளர்த்தோம். நடுவில் பஞ்சுபோலப் பரவிக்கொண்டு வந்தது. ஓரத்தில் வைத்த சிறு காகித வட்டத்தில் என் சொட்டு இருந்தது. காலையில் போய்ப் பார்த்தேன். பஞ்சு எல்லாப் பக்கமும் ஓரம் வரை போயிருந்தது. என் காகிதத்துக்குக் கிட்டே மட்டும் வரவில்லை. பிறை வடிவில் ஒரு வெற்றிடம். நான் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் ஓடினேன். விரிவுரையாளர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அடுத்த தட்டில் தேயிலைக் கொப்புளத்தை வளர்க்கலாமா என்று அப்போதுதான் கேட்டேன். அவருடைய சிரிப்பு குறைந்தது. அது வளராது என்றார். அந்தப் பூஞ்சணம் உயிருள்ள தேயிலைத் தளிரைத் தவிர வேறு எதிலும் இருக்காது. தட்டில் என்ன போட்டாலும் அதற்குப் பிடிக்காது. தேயிலையை மறந்துவிடு, இந்தப் பூஞ்சணத்தை வைத்தே நல்ல ஆய்வு எழுதலாம், முதல் வகுப்புக் கிடைக்கும் என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. தோட்டம் முழுவதற்கும் அடிக்கிற அளவுக்கு இதை எடுக்க முடியுமா என்றும் கேட்டேன். விதையிலிருந்து முடியாது, நுண்ணுயிரிகளை வைத்துத் தொழிற்சாலையில் செய்யப் பழக வேண்டும், அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்று எனக்குத் தெரியாது என்றார்.

அந்த வாரம் நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது ஒரு பழைய மருத்துவப் புத்தகத்தில் கொஞ்சம் வாசித்தேன். எங்கோ தூர தேசத்தில், திராட்சைக் கொடிகளுக்குச் செப்பு மருந்து அடித்தவர்களின் நுரையீரலில் நீலத் திட்டுகள் இருந்தனவாம். புத்தகத்தை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். அதை நான் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்வது? அப்பாவின் சட்டையிலேயே அது எழுதியிருந்தது.

மிஞ்சிய ஒரு குப்பியை வீட்டுக்குக் கொண்டுபோக விரிவுரையாளரிடம் அனுமதி கேட்டேன். ஒரேயொரு செடியில், உயிருள்ள இலையில் பூசிப் பார்க்க. கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, ஆனால் ஒழுங்காகச் செய் என்றார். மருந்து பூசியதும் வேண்டும், பூசாததும் வேண்டும், பக்கத்தில் பக்கத்தில், ஒரே மழையில், ஒரே பனியில். அப்போதுதான் வித்தியாசம் எதனால் வந்தது என்று சொல்லலாம்.

சுடுதண்ணீர் ஆறாமல் வைக்கிற பிளாஸ்க் போத்தலுக்குள் ஐஸ் கட்டி போட்டு அதற்குள் குப்பியை வைத்து மடியிலேயே கொண்டுவந்தேன். அட்டனில் பஸ் மாறும்போது மழை. டயகமப் போய்ச் சேரும்போது ஐஸ் எல்லாம் தண்ணீர். வந்த களைப்பில் குப்பியை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் இல்லை.

"அம்மா, இங்க இருந்த குப்பி?"

"பத்திரமா வச்சிருக்கேன்" என்று அம்மா அடுப்புக்கு மேலே கைகாட்டினாள்.

எங்கள் ஊரில் எது கெட்டுப்போகக் கூடாதோ அது அடுப்புக்கு மேலேதான் இருக்கும். உப்பு, தீப்பெட்டி, விதை அவரை, என் பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாம் அந்தப் பலகையில்தான். இல்லாவிட்டால் பனி அரித்துவிடும். அம்மா என் குப்பியையும் அங்கேயே, புகைக்கும் சூட்டுக்கும் நடுவில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது.

பிறகுதான் நினைவு வந்தது. ஆய்வுக்கூடத்தில் நாங்களே அதைச் சூடாக்கித்தானே எடுத்தோம்? மற்றப் புரதங்கள் சூட்டில் திரிந்து கீழே தங்கிவிடும். இது தங்காது. தன்னைத்தானே உள்ளுக்குள் நாலு முடிச்சுப் போட்டு இறுக்கிக்கொண்டிருக்கிற பொருள் அது. அடுப்புப் பலகைச் சூடு அதற்கு ஒன்றுமேயில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "படிச்சா இப்புடித்தான் ஆகும் போல" என்று அப்பாவிடம் சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் நானும் அவர் அடிக்கிற மலைக்குப் போனோம். பாதையோரத்தில், ஒரு பாறைக்குப் பக்கத்தில் இருந்த செடியைத் தேர்ந்தெடுத்தோம். கங்காணியிடம் அப்பா முன்பே சொல்லி வைத்திருந்தார். "ஒத்தச் செடிதானே, வச்சுக்க. தோட்டத்துப் பெரிய தொர கேட்டா நீயே சொல்லிக்க" என்றாராம். நான் குப்பியைத் திறந்து, சின்னத் தூரிகையால் கொழுந்து கொழுந்தாகப் பூசினேன். பூசிய கொழுந்துகளின் காம்பில் வெள்ளை நூல் கட்டினேன். மருந்து சேராத வெறும் கரைசல் பூசியவற்றில் கறுப்பு நூல். அப்பா குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதிச் செடியில் குப்பி தீர்ந்துவிட்டது.

"அம்புட்டுத்தானா?" என்றார்.

"அம்புட்டுத்தாம்பா."

அவர் எழுந்து நின்று மலையைப் பார்த்தார். பாறையிலிருந்து கீழே ஓடை வரைக்கும், ஓடைக்கு அந்தப் பக்கம் சவுக்குமரம் வரைக்கும், தேயிலை. நான் குப்பியை மூடினேன். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் இறுக்கித்தான் மூடினேன்.

நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய பிறகு அப்பாவுக்கு ஒரு கவலை வந்திருக்கிறது. கொழுந்து எடுக்கிற பெண்கள் தெரியாமல் அந்தச் செடியில் கை வைத்துவிட்டால்? கூட மருந்தடிக்கிற ஆட்கள் பனிக்குள் கவனிக்காமல் அடித்துவிட்டால்? தூரத்திலிருந்தே தெரியும்படி ஏதாவது கட்டிவிட நினைத்தார். பனியில் வெள்ளை தெரியாது, பச்சையும் தெரியாது. மஞ்சள்தான் தெரியும். அம்மாவின் பழைய மஞ்சள் சேலையில் ஒரு துண்டு கிழித்துச் செடியின் தலையில் கட்டிவிட்டார். மருந்து அடித்துப் போகிற நாட்களில் அந்தச் செடி வந்ததும் குழாயை மூடிக்கொண்டு, தாண்டிப் போய்த் திறப்பாராம்.

மூன்று வாரம் கழித்து நான் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே மலைக்கே ஏறினேன். தூரத்திலேயே மஞ்சள் தெரிந்தது. கிட்டப் போனால் செடிக்குக் கீழே மூன்று கல் நட்டிருந்தார்கள். கல்லுக்குச் சந்தனம், குங்குமம். கற்பூரம் எரிந்த கறுப்பு வட்டம். செடி முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்து, காய்ந்து, இலைகளில் திட்டுத் திட்டாக நின்றது. ஒவ்வொரு கிளையிலும் மஞ்சள் நூல். என் வெள்ளை நூலில் ஒன்றுகூட இல்லை. கறுப்பு நூலும் இல்லை.

அந்த நேரம் கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடையோடு மேலே வந்தார்கள். முன்னால் அத்தை, பின்னால் அம்மா.

"வந்துட்டியாடி ஆத்தா" என்றாள் அத்தை. "பாத்தியா, சுத்தி எல்லாச் செடியிலயும் கொப்புளம். இதுல பாரு."

நான் பார்த்தேன். உண்மைதான். அந்தச் செடியில் கொப்புளம் குறைவு. இரண்டு மூன்று கொழுந்தில் இருந்தது, மற்றவை சுத்தமாக இருந்தன.

"நூல் கட்டியிருந்தேனே அத்த, வெள்ளையும் கறுப்பும். எங்க?"

"அவுத்தாச்சு."

"ஏன்?"

"சாமிக்குக் கறுப்பு ஆகுமா? அதான் அவுத்துப் போட்டோம். வெள்ளையும் தாலியறுத்தவ நெறம். எல்லாத்துக்கும் மஞ்சளாவே கட்டியாச்சு. ஒம் பரீட்சைக்குன்னு நானே ஒன்னு கட்டியிருக்கேன், அந்தா அந்தக் கெளையில."

"இது சாமி இல்ல அத்த. அப்பா அடையாளத்துக்குக் கட்டுன துணி."

"மஞ்சத் துணி கட்டி, மருந்தடிக்கிற ஆம்பள குழாய மூடிக்கிட்டுச் சுத்திப் போறாரு. கங்காணியும் கை வைக்காதன்னு சொல்றாரு. பொறவு அது சாமி இல்லாம என்னா?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. பனிக்குள் நடந்து வருகிறவளுக்கு வேறு என்னவாக அது தெரிந்திருக்க முடியும்?

நான் அம்மாவைப் பார்த்தேன். அவளுக்காவது தெரியும், அது மருந்து பூசிய செடி என்று. அவள் இடுப்பில் சுற்றிய படங்கை இழுத்துக் கட்டுவதுபோலக் கீழே குனிந்துகொண்டாள்.

"நீயும் கட்டுனியாம்மா?"

"ஒன்னு கட்டுனேன்" என்றாள். "அப்பா நெஞ்சுக்கு. மருந்தும் சாமியும் சேந்தா நல்லதுதானேன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் எங்கிருந்தோ கிளம்பி, போக இடமில்லாமல் அப்படியே நின்றது. நான் மாதக் கணக்கில் அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு முன்னால் நின்றது எதற்காகவோ அதற்காகவே அவளும் ஒரு நூல் கட்டியிருந்தாள்.

பூசிய கொழுந்து எது, பூசாதது எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மஞ்சளே பூஞ்சணத்துக்கு ஆகாத பொருள். கொப்புளம் குறைந்தது என் புரதத்தாலா, மஞ்சள் தண்ணீராலா, பாறை மறைத்துப் பனி குறைவாக விழுந்ததாலா? ஒழுங்காகச் செய் என்று சொல்லி அனுப்பியவரிடம் போய் நான் என்ன சொல்வேன்?

இந்தச் செய்தி அதற்குள் மேலே போயிருந்தது. மறுநாள் கண்டாக்கு ஐயா, மலைகளை மேற்பார்க்கிற உத்தியோகத்தர், மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கங்காணியும் அப்பாவும் நின்றார்கள். அப்பா அன்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். காலரின் நிறத்தை மட்டும் மாற்ற முடியவில்லை.

கண்டாக்கு ஐயா செடியைச் சுற்றி வந்தார். சப்பாத்தைக் கல்லுக்குக் கிட்டே கொண்டுபோகாமல் எட்டவே நின்று இலையைத் திருப்பிப் பார்த்தார். "கொப்புளம் கொறவுதான்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "தங்கச்சி, இது ஒங்க மருந்தா, அம்மனா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"சொல்ல முடியாது சார்" என்றேன்.

"முடியாதுன்னா?"

"நான் கட்டுன அடையாளம் மாறிருச்சு. எது எதுன்னு தெரியல. மருந்து வேல செஞ்சிச்சுன்னு சொல்றதுக்கு எங்கிட்ட ஆதாரம் இல்ல."

அவர் தலையை ஆட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். கங்காணி அப்பாவின் தோளைத் தட்டி, "முள்ளங்கி பஸ்ஸ விட்டுருச்சுப்பா" என்றார். அப்பா அதற்கும் சிரித்தார்.

வீட்டுக்கு இறங்குகிற பாதையில் அவர் எனக்கு முன்னால் நடந்தார். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார். "ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே புள்ள" என்றார். "தெரியாதுன்னு சொல்றதுக்கா அம்புட்டுத் தூரம் போயிப் படிச்ச?"

ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் அடுத்த நாள் அவருடைய டாங்கிக்குள் ஊற்ற என்னிடம் ஒரு துளிகூட இருக்கவில்லை. அதை அவரும் அறிவார். பாதிச் செடியில் குப்பி தீர்ந்ததை அவரும்தானே பார்த்தார்.

திரும்பிப் போய், தட்டில் வளர்ந்த பூஞ்சணத்தைப் பற்றியே ஆய்வை எழுதினேன். விரிவுரையாளர் சொன்னபடியே முதல் வகுப்புக் கிடைத்தது. எங்கள் தோட்டத்துச் செடியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பட்டமளிப்புக்கு அப்பா வந்தார். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நான் நடந்ததைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த யாரோ ஒருவர், மகள் எது பற்றிப் படித்தாள் என்று கேட்டதற்கு, "மருந்து" என்று மட்டும் சொன்னாராம். அம்மாதான் சொன்னாள்.

அதற்குப் பிறகும் இரண்டு மழைக்காலம் அவர் அடித்தார். நான் கொட்டகலையில் ஆசிரியையாகிவிட்டேன். துணியில் மூக்குமூடி தைத்துக்கொடுத்தேன். மூச்சு முட்டுகிறது என்று கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொள்வார். விடுமுறையில் நான் வீட்டில் இருக்கிற நாட்களில் டாங்கியை அவர் முதுகில் ஏற்றும்போது பின்னால் நின்று பட்டியைப் பிடித்துக் கொடுப்பேன். அதைத்தான் என்னால் செய்ய முடிந்தது. அது நிரம்பியிருக்கும்போது எவ்வளவு கனம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தச் செடியில் பிறகு யாரும் கை வைக்கவில்லை. கொழுந்து கிள்ளவில்லை, கவ்வாத்து வெட்டவில்லை, மருந்தும் அடிக்கவில்லை. கிள்ளாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும். அதுவும் அப்படித்தான் உயர்ந்தது. இலைகள் முற்றிக் கரும்பச்சையாக, தடிப்பாக இருந்தன. கொப்புளம் அங்கங்கே தளிர்களில் வந்து, காய்ந்து, போய்விடும். முற்றிய இலையில் ஒன்றும் ஏறுவதில்லை. தன்னைக் காத்துக்கொள்ள அதற்குத் தெரியும். நாம்தான் அந்தப் பலம் வருவதற்குள் கிள்ளிவிடுகிறோம். சின்ன வெள்ளைப் பூக்கள் பூத்து அத்தை வைத்த கற்களின்மேல் உதிரும்.

கடைசி மாதங்களில் அப்பாவால் படுக்க முடியவில்லை. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே இருப்பார். நுவரெலியா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வேலையை நிறுத்தி வெகுநாள் ஆகியும் நகக்கண்ணில் அந்த நிறம் போகவில்லை.

ஒரு மத்தியானம் நான் அவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு அடுப்படிக்கு வந்தேன். அம்மா அடுப்புக்கு மேல் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் என் குப்பி இருந்தது. எத்தனையோ வருடமாக அங்கேயே இருக்கிறது. கழுவி, மூடி, வைத்திருக்கிறாள்.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் மெதுவாகக் கேட்டாள். "ஏம்மா, இதுல இருந்தத அன்னைக்கு அந்தச் செடியில பூசாம அப்பாவுக்கு உள்ளுக்குக் குடுத்திருந்தா?"

"அது எலைக்குத்தாம்மா. மனுசனுக்கு ஒன்னும் செய்யாது."

"கெடுதல் ஒன்னும் செய்யாதுன்னுதான அன்னைக்கு சொன்ன?"

"கெடுதலும் செய்யாது. நல்லதும் செய்யாது."

அம்மா குப்பியை முந்தானையால் துடைத்து, புகை படாமல் உப்புப் போத்தலுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். உள்ளே அப்பா இருமத் தொடங்கினார். நாங்கள் இரண்டு பேரும் அது அடங்கும்வரை நின்றோம்.